புள்ளை வரி

என் மகனே,

கொத்தமங்கலத்தில் உன் மாமியார் வீட்டில் காலைக்கு ஒரு பலகாரம், மாலைக்கு ஒரு பலகாரம் என்று உன்னை உட்கார வைத்துத் திணித்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிடு. புது மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம் பிறகு நடக்காது. உன் அப்பச்சிக்கு என் தாய்வீட்டில் என்னென்ன நடந்தது, எந்த வருஷத்திலிருந்து எது குறைந்தது என்பதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைப் பூட்டச் சொல்லி நம் ஊருக்கு வந்துவிடு. அன்றைக்குக் கோயிலில் ஊர்க் கூட்டம். நீ வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் போதாது, வாயைத் திறக்க வேண்டும். ஊருக்கு வந்ததும் நேரிலேயே சொல்லலாமே, எதற்குக் காகிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் என் முகத்தைப் பார்த்து, "சரி ஆத்தா" என்பாய். அப்புறம் உன் பெரியப்பச்சி முகத்தைப் பார்த்து, "சரி பெரியப்பச்சி" என்பாய். யார் முகமும் வாடக் கூடாது உனக்கு, சின்ன வயதிலிருந்தே அப்படி. காகிதத்துக்கு முகம் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

உன் பெயரை எழுதித் தொடங்கவில்லை என்று நினைக்காதே. உனக்கு வைத்தது என் மாமனார் பெயர். அதை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. உன்னைத் தம்பி தம்பி என்றே கூப்பிட்டு வளர்த்தேன். வாயால் சொல்லாததை விரலால் மட்டும் சொல்லலாமா என்று பேனாவை எடுத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த எழுத்து, என் தாய்வீட்டில் அண்ணன்மார் பாடம் சொல்லும்போது பக்கத்தில் புளி உரித்துக்கொண்டே பிடித்தது. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டிருப்பேன். நீ சிரித்துக்கொள். உன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் திருத்திப் படி.

அவளுக்கும் படித்துக் காட்டத்தான் வேண்டும். ஏனென்றால் இப்போது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு புள்ளி. உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் நீ நின்று யோசித்திருக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன். நம்மவர்களில் ஒருவன் தாலி கட்டிய அன்றைக்கு ஊரில் ஒரு புள்ளி ஆகிறான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒன்று. அந்தப் புள்ளிக்கு இவ்வளவு என்று ஊர் வரி தண்டுகிறது. கோயிலில் விளக்கு எரிவதும், ஊருணியில் சேறு அள்ளுவதும், திருவிழாவில் சாமி புறப்படுவதும் அதில்தான். புருஷன் போய்விட்டால் மிச்சம் இருக்கிறவள் அரைப்புள்ளி. வரியும் அரை. வரி கொடுக்கிற இடத்தில் அரை; கூட்டத்தில் பேசுகிற இடத்தில் அவளுக்கு அரையும் கிடையாது, காலும் கிடையாது.

உன் அப்பச்சி ரெங்கூனில் காய்ச்சலில் போன சேதி வந்தபோது நீ கைப்பிள்ளை. வீட்டில் அழுகை அடங்கவில்லை. கருமாதி முடிந்து ஈரம் காய்வதற்குள் வரி தண்டுகிறவர் முகப்பில் வந்து நின்றார். உன் பெரியப்பச்சியிடம் கேட்டார்: "இந்த வீட்டை இனி எப்படி வச்சிக்கிருவம்? ரெண்டு புள்ளியாவே இருக்கட்டுமா?" உன் பெரியப்பச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அது எப்படி ரெண்டு? ஒண்ணரை. எழுதிக்கிரும்." மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கதவை ஒரு கையால் சாத்திவிட்டாவது சொல்லியிருக்கலாம். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த என் காதில் விழுகிற மாதிரி சொன்னார். அந்த 'ஒண்ணரை' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவர் அதற்குப் பிறகு எனக்குச் செய்த நல்லதும் உண்டு. அதையும் மறக்கவில்லை. இது வேறு பக்கம், அது வேறு பக்கம்.

அந்த நாளில் நான் உன்னைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேன். உன்னைத் தூக்கியது கருப்பாயி. அவளே அப்போது சிறுமி. கிழக்கே வயக்காட்டுப் பக்கத்து வீட்டுப் பெண். அவள் ஆத்தாள் நடவுக்குப் போவாள், இவள் நம் வீட்டுக்குப் பிள்ளை தூக்க வருவாள். நீ கொழுகொழு என்றிருப்பாய். அவள் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும், அதில் நீ ராசா மாதிரி உட்கார்ந்திருப்பாய். நான் கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நீ முதல் முதலாகச் சொன்ன வார்த்தை 'ஆத்தா' இல்லை, 'இப்பாயி'. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை என்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இன்றைக்கும் கருப்பாயி நடந்து வரும்போது பார், ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். அது நீ உட்கார்ந்த பக்கம்.

உன்னை வாத்தியாரிடம் எழுத்துக்கு வைத்தபோது நீ போட்ட கூச்சலை ஊரே கேட்டது. மணலில் விரலை வைக்க மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டாய். வாத்தியார் பார்த்தார். "ஏத்தா, நீயும் வந்து பின்னாடி குந்து. இவன் அழுகை நிக்கிற மட்டும் இரு" என்று கருப்பாயியைச் சொன்னார். அவள் உனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உன் கையைப் பிடித்து வாத்தியார் 'அ' போட்டார். அவள் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு தரையில் 'அ' போட்டாள். நீ 'ஊ'வுக்கு வந்தபோது அழுகை நின்றுவிட்டது. "இனி இவன் இருந்துக்கிருவான், நீ போகலாம்" என்று வாத்தியார் அவளை அனுப்பிவிட்டார். இன்றும் மார்கழியில் கருப்பாயி தன் வீட்டு வாசலில் கோலம் போட்டால் ஓரத்தில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று எழுதி நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. உன் அழுகை நின்ற இடத்தில் அவள் படிப்பு நின்றது. இன்னும் கொஞ்ச நாள் அழுதிருக்கக் கூடாதா நீ?

இப்போது சங்கதிக்கு வருகிறேன். நீ காரைக்குடியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நாளில் ஜில்லா போர்டுக்காரர்கள் நம் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? ஒரு டீச்சரம்மாள் வந்தாள். ஒல்லியாக, கறுப்புக் குடையோடு. பலகை வந்தது, மணி வந்தது, பிள்ளைகள் வரவில்லை. நம் வீடுகளிலிருந்து உன் அக்காள் மகள் மாதிரி இரண்டொரு பேர் போனார்கள், அவ்வளவுதான். டீச்சரம்மாள் தெருத் தெருவாகப் போனாள். எந்த வீட்டிலும் படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கருப்பாயி வீட்டில் நடந்ததை அவளே வந்து என்னிடம் சொன்னாள். டீச்சரம்மாள் போய், "உங்க மக செல்லியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றிருக்கிறாள். கருப்பாயி, "கூட்டிக்கிட்டுப் போங்க டீச்சரம்மா, எனக்குச் சந்தோசம்தேன். அவ இடுப்புல இருக்கானே ஒருத்தன், அவனை எங்கிட்டு எறக்கி வைக்க? சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டிருக்கிறாள். கருப்பாயிக்கு இப்போது கட்டட வேலை. சுண்ணாம்பு இடிக்க, சாந்து சுமக்கப் போகிறாள். அவள் பெற்ற மகள் செல்லி. செல்லி இடுப்பில் தம்பி.

டீச்சரம்மாள் கெட்டிக்காரி. "தம்பியையும் தூக்கிக்கிட்டு வா" என்றுவிட்டாள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து பெண் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள், ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒன்று. உள்ளே பாடமும் நடக்கும், அழுகையும் நடக்கும். ஜன்னல் கம்பியில் இரண்டு துணித் தொட்டில்கூட ஆடிற்று. பிறகு ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். உன் அக்காள் மகள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினாள். அவர் உள்ளே நுழைந்ததும், "இது பள்ளிக்கூடமா, சந்தையா?" என்று கேட்டாராம். டீச்சரம்மாள், "ரெண்டும்தான் சார்" என்றாளாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது செல்லியின் தம்பி தவழ்ந்து போய் அவர் தலைப்பாகையின் தொங்கலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியிருக்கிறான். அவர் பதறி எழுந்ததில் தலைப்பாகை அவன் கையோடு வந்துவிட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்தார்களாம். அவரும் கொஞ்சம் சிரித்தாராம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் போகும்போது, பாடம் படிக்க வயது வராத பிள்ளை பள்ளி அறைக்குள் இருக்கக் கூடாது, போர்டு பணம் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான், என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். கைப்பிள்ளைகளுக்கு ஊர் ஒரு கொட்டகையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் போட்டால் பள்ளிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று போர்டில் சொன்னார்களாம். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு ஒன்று வைப்பதைப் போர்டு பிறகு யோசிக்கும் என்றார்களாம். மறுநாள் பள்ளியில் பழையபடி உன் அக்காள் மகளும் மணியும் மட்டும்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டு இரண்டாங்கட்டு சும்மாதானே கிடக்கிறது. ஊறுகாய் ஜாடிகளும் நானும்தான். டீச்சரம்மாளைக் கூப்பிட்டு, பிள்ளைகளை அங்கே விடச் சொன்னேன். நம் சமையல்கார அம்மாளின் தங்கச்சி பார்த்துக்கொண்டாள். காலையில் பெண் பிள்ளைகள் வந்து தம்பி தங்கச்சிகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள். வந்தவை எந்தத் தெருப் பிள்ளைகள் என்று உன் பெரியாத்தாள் முதல் நாளே எண்ணத் தொடங்கினாள். நான் வேண்டுமென்றே எண்ணவில்லை. இறக்கி வைத்த இடுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? இறக்கிவிட்ட பிறகும் செல்லி கொஞ்ச தூரம் சாய்ந்தே நடப்பாள். அப்புறம் நினைவு வந்து நிமிர்வாள். அப்புறம் ஓடுவாள். அதைப் பார்ப்பதற்காகவே நான் தினம் கொல்லைக் கதவோரம் வந்து நின்றேன்.

அது இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீயே பார்த்திருக்கிறாய். 'ஆத்தாதான் செய்கிறாளே, ஊர் எதற்கு' என்று நீ நினைக்கலாம். உன் பெரியப்பச்சியும் அதைத்தான் சொல்கிறார். கேள். நம் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு வந்தது. படைப்பு என்றால் வீடு கழுவி, பானை மாற்றி, வெளியாள் வாடை இல்லாமல் இருக்க வேண்டும். அந்த வாரம் பிள்ளைகளை வர வேண்டாம் என்றாயிற்று. அடுத்தது எனக்கு மூட்டுவலி. அடுத்தது உன் அக்காள் பிரசவம். அப்புறம் உன் கல்யாணம்; மொய் விருந்தும் பந்தலும் என்று இரண்டாங்கட்டில் அரிசி மூட்டை அடுக்கிவிட்டார்கள். இதில் எதைத் தள்ளி வைக்க முடியும்? ஒவ்வொரு தடவையும் பள்ளி காலியாகும். மறுபடி கதவு திறந்தால் செல்லி வாசலில் நின்று, தம்பியை இறக்காமல், தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்பாள்: "இன்னைக்கு உண்டா ஆச்சி?"

அந்தக் கேள்வி என்னைக் குத்துகிறது, மகனே. நான் நன்றாகக் கவனித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறாள். நான் சிரித்த முகமாக இருந்தால் படியேறிக் கேட்கிறாள். யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால், கேட்காமலே திரும்பிப் போய்விடுகிறாள். நான் யாரையாவது திட்டாத நாள் எது? ஆக, ஒரு பெண் பிள்ளையின் படிப்பு என் முகத்தில் வந்து நிற்கிறது. சாயங்காலம் தீபாராதனை மணி அடிக்கிறதே, எந்தச் சனமாவது கோயில் வாசலில் நின்று 'இன்னைக்கு உண்டா' என்று கேட்கிறதா? உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஏன்? அது யாருடைய தர்மமும் இல்லை, ஊர் வரி. எவள் வீட்டில் மூட்டுவலி வந்தாலும், எவன் வீட்டில் படைப்பு வந்தாலும் மணி அடிக்கும். எனக்கு வேண்டியது அதுதான். நான் செய்கிற தர்மத்துக்கு அந்தப் பிள்ளைகள் என்னைக் கும்பிடுகின்றன. எனக்கு அது பிடிக்கவும் பிடிக்கிறது. அதனாலேயே அது ஆகாது.

ஊர் வரி என்ற யோசனையும் என்னுடையது இல்லை. கருப்பாயி தந்தது; அவளுக்கே தெரியாமல் தந்தது. போன தடவை வரி தண்ட ஆள் வந்தபோது அவள் முகப்பில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு என்னிடம் கேட்டாள்: "ஆச்சி, ஒண்ணு கேக்கவா? வருசா வருசம் இவுக வந்து புள்ளை வரி, புள்ளை வரின்னு தண்டிக்கிட்டுப் போறாகளே. அது எந்தப் புள்ளைகளுக்கு?"

"என்ன வரிங்கிற?"

"புள்ளை வரி ஆச்சி. நான் சின்னதுல இருந்து கேக்குறேன். உங்க புள்ளைகளுக்கு மட்டுமா, எங்க புள்ளைகளுக்கும் அதுல எதுவும் உண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி கூறு கெட்டவளே, அது புள்ளை இல்லைடி, புள்ளி. கோலப் புள்ளி மாதிரி புள்ளி. ஆம்பளையும் பொம்பளையும் சேந்தா ஒரு புள்ளி" என்றேன். அவளும் சிரித்தாள். "ஆத்தாடி, நான் இத்தனை வருசமா புள்ளைகளுக்குன்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன். சரிதேன், புள்ளைகளுக்கு எவுக வரி குடுப்பாக" என்று முறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நம் வாசலிலேயே வளர்ந்தவள். நம் ஊர் பிள்ளைகளுக்காக ஒரு வரி தண்டுகிறது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டு, நம்மைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த நினைப்பை நான் ஒரு வார்த்தையில் திருத்திவிட்டேன். திருத்தாமல் ஊரைத் திருத்தியிருக்கலாமே என்று தோன்றியது. வயதான காலத்தில் இப்படியெல்லாம் தோன்றுகிறது.

அன்றைக்கே உன் பெரியப்பச்சியிடம் பேசினேன். பேசினேன் என்றால் எப்படி, உனக்குத் தெரியும். என் மூத்தாரோடு நான் நேரில் பேசினதில்லை. அவர் தூணைப் பார்த்துப் பேசுவார், நான் கதவைப் பார்த்துப் பேசுவேன், நடுவில் உன் பெரியாத்தாள் நிற்பாள். நான் அவளிடம் சொன்னேன்: "ஆச்சி, கோயில் நந்தவனத்துப் பழைய கொட்டகை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலதானே இருக்கு. அதைப் பிள்ளைகளுக்கு விட்டு, புள்ளி வரியில ஒரு ஆயாளுக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லுங்க."

உன் பெரியாத்தாள் திரும்பி, "கேட்டீகளா, கொட்டகையை விடணுமாம், ஆயாளுக்குச் சம்பளமாம்" என்றாள்.

அவர் தூணிடம் சொன்னார்: "புள்ளி குடுத்த பணம் புள்ளிகளுக்கு. சாந்து சுமக்கிறவ பெத்ததுக்கெல்லாம் ஊர் தாலாட்டுப் பாடணுமான்னு கேளு."

"ஊர் தாலாட்டுப் பாடணுமான்னு கேக்குறாக."

"அவுக புதுசாக் கட்டுற வீட்டு முகப்புச் சுவத்துல முகம் பாக்கலாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாகளே, அந்தச் சுவத்துக்குச் சாந்து அரைச்சவ கருப்பாயிதானே? அன்னைக்கு அவ புள்ளை சாரத்துல தொட்டில் கட்டி அழுதுச்சு. 'அதை அமத்து'ன்னு சத்தம் போட்டது யாருன்னு கேளுங்க."

உன் பெரியாத்தாள் அதை அப்படியே சொல்லப் பயந்து, "சுவரு நல்லா இருக்குங்கிறா" என்றாள். நான், "அப்படியா சொன்னேன்?" என்றேன். அவர், "எல்லாம் கேட்டுச்சு, எனக்குக் காது இருக்கு. அரைப்புள்ளி குடுக்கிறவுக ஊர் பணத்துக்கு வழி சொல்ல வேண்டாம்னு சொல்லு. கோயில்ல பேச வேண்டியதை அடுப்படியில பேசக் கூடாது" என்றார். அதற்குள் உன் பெரியாத்தாள், "ஆத்தே, நீங்களே நேர்ல பேசிக்கிருங்க, எனக்குக் குழம்பு அடிப்பிடிக்குது" என்று உள்ளே போய்விட்டாள். இருபது வருஷத்துக்குமேல் ஒரே வீட்டில் இருந்தவர்கள் தூணும் கதவுமாக நின்றோம். பிறகு அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ஆனால் கூட்டத்தில் சங்கதியை எடுக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. டீச்சரம்மாள் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைப் பார்த்து வைத்தாள். பாதிப் பேர் ஆகட்டும் என்கிறார்கள், பாதிப் பேர் உன் பெரியப்பச்சி என்ன சொல்கிறாரோ என்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிவிடுவார்கள்.

உனக்கு என்ன தயக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். அடுத்த கப்பலில் நீ ரெங்கூன் போக வேண்டும். அங்கே நம் கடையில் உனக்கு இடம் போட்டுக் கொடுப்பது உன் பெரியப்பச்சி கையில். கூட்டத்தில் எதிர்த்துப் பேசினால், 'இவன் இன்னும் ஒரு வருஷம் ஊரில் இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை போதும். இதை நான் யோசிக்காமல் உன்னைக் கேட்கவில்லை. உன் அப்பச்சியை அந்தத் தண்ணீருக்கு அங்குட்டு அனுப்பிவிட்டுத் திரும்பப் பார்க்காதவள் நான். நீ ஒரு வருஷம் இங்குட்டு இருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? என் சுயநலம் இதில் எவ்வளவு என்று நீ கேட்டால், என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் உனக்கு அது பெரிய இழப்பு என்று தெரியும். உன் மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று உன் பெண்டாட்டி கவலைப்படுவாள். அவளிடம் கேட்டுவிட்டு வா. ஒரு புள்ளியில் பாதி அவள். அவளைக் கேட்காமல் நீ பேசினால் அது பாதி வாய்தான். அவள் வேண்டாம் என்றால் நான் அதையும் வாங்கிக்கொள்வேன். மறப்பேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அவளிடம் இதையும் சொல். போன வாரம் உன் பெரியாத்தாள் வெற்றிலை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நம்ம தம்பிக்கும் நாளைக்குப் புள்ளை பொறக்கும்ல. இந்தச் செல்லியையே தூக்கப் போட்டுக்கிருவம். இவ ஆத்தாளும் நம்ம வீட்டுலதானே புள்ளை தூக்குனா. கை பழகின குடும்பம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் செல்லி இப்போது 'ஊ'வைத் தாண்டிவிட்டாள், மகனே. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். காரைக்குடிச் சந்தையிலிருந்து சாமான் மடித்து வந்த காகிதத்தையெல்லாம் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். உன் பிள்ளையை நான் தூக்குவேன். மூட்டுவலியோடு தூக்குவேன். எனக்கு முடியாவிட்டால் அது அந்தக் கொட்டகையில் போய் மற்றப் பிள்ளைகளோடு மணலில் உட்காரட்டும், ஒன்றும் குறைந்து போகாது. ஆனால் உன் பிள்ளை உட்காருவதற்காக இன்னொரு இடுப்பு சாய வேண்டாம். உன்னைத் தூக்கியதே போதும் அந்தக் குடும்பத்துக்கு.

நீ நல்ல பிள்ளை. இளகின மனசு. சின்ன வயதில் உனக்குப் பணியாரம் கொடுத்தால் பாதியைக் கருப்பாயிக்குப் பிட்டு வைப்பாய். அவளிடம் கொடுத்துவிட்டு, நான் பார்த்துவிட்டேனா என்று திரும்பிப் பார்ப்பாய். பார்த்தேன். திட்டியிருக்கிறேனா? இல்லை. அந்தப் பாதியைத்தான் இப்போது கேட்கிறேன். இந்தத் தடவை ஒளித்துக் கொடுக்காமல், கோயிலில் எல்லோர் முன்னாலும் எடுத்து வை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செல்லி வந்து நிற்கிறாள். தம்பி அவள் இடுப்பில் உறங்கிவிட்டான், தலை தொங்குகிறது. கல்யாண மூட்டைகள் இன்னும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள். "இன்னைக்கு உண்டா ஆச்சி?" என்கிறாள். "உண்டு, உள்ளே வா" என்று சொல்லி மூட்டைகளை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை நீ எழுந்ததும் உன் பெரியப்பச்சி ஏற இறங்கப் பார்ப்பார். "நேத்துத் தாலி கட்டுனவன். உன் ஒரு புள்ளி இன்னைக்கே பேச வந்திருச்சா?" என்று கேட்பார். அப்படித்தான் கேட்பார், எனக்குத் தெரியும் அவரை. நீ கோபப்படாதே. துண்டை இடுப்பில் கட்டிக்கொள், கையைக் கட்டிக்கொள், மரியாதையில் ஒரு குறையும் வைக்காதே. கொல்லைக் கதவோரம் நின்றால் கோயில் மண்டபத்துச் சத்தம் எனக்குக் கேட்கும், அதனால் கொஞ்சம் உரக்கச் சொல். அன்றைக்கு முகப்பில் நின்று அவர் சொன்னது உள்ளே என் காதில் விழுந்த மாதிரி, நீ சொல்வதும் விழ வேண்டும்.

"ஒண்ணு இல்லை பெரியப்பச்சி, ஒண்ணரை" என்று சொல்.

உன் ஆத்தாள்